வட்டில் எழுதுதலும் இயங்குதள மாற்றமும்

கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தவுடன், அதுகாறும் குறைவின்றிக் குறுந்தகடுகளை எழுதிவந்த மென்பொருள் திடீரெனப் பணிசெய்ய மறுப்பது இக்காலத்தில் பலரும் கண்டதோர் இடராகும். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் பொதுவாக அளித்துவந்த ஆதரவு முடிவுற்றது. அதனால் கலாசாலைகளிலும் திருச்சபை அலுவலகங்களிலும் போட்டோ ஸ்டூடியோக்களிலும் உள்ள கணினிகள் பல விண்டோஸ் 11-க்கு மாறிவருகின்றன. மாறிய மறுநாளே, ‘ரைட்டர் கெட்டுவிட்டது, தகடு கெட்டுவிட்டது’ என்னும் முறையீடு எழுகின்றது. பெரும்பாலும் அவ்விரண்டும் கெடுவதில்லை. கெட்டது யாது, அதனைக் கண்டறிவது எவ்வாறு, இனி அத்தகைய இடர் நேராமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை மாணாக்கர்க்குப் பயன்படுமாறு முறையே எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘பென்டிரைவும் இணையமும் இருக்க, இந்நாளில் தகடு எழுதுவார் யாவர்?’ என வினவுவாரும் உளர். புதிதாக எழுதுவார் குறைந்தனர் என்பது மெய்யே. ஆயினும் இந்நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளில் நம் ஜில்லாவில் நிகழ்ந்தவற்றுள் எத்தனையோ தகடுகளிலேயே தங்கியிருக்கின்றன. ஆலயப் பாடகர் குழுவின் கீதங்கள், கலாசாலை விழாக்களில் பெரியோர் நிகழ்த்திய சொற்பொழிவுகள், மாணவர் எழுதிய ஆய்வேடுகள், ஊர்க் கொடை விழாக்களிற் பாடப்பட்ட வில்லுப்பாட்டு, கணியான் கூத்து முதலியன அவற்றுள் சில. இத்தகைய நாட்டார் வழக்காறுகளை ஆராய்தற்கென்றே பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் தனித் துறையும் ஆய்வு மையமும் ஏற்பட்டன என்பதை நேயர்கள் அறிவர். பாடிய புலவர் மறைந்தபின் அவர் குரல் ஒரு தகட்டில் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அத்தகட்டைப் படிப்பதும் அதற்கு மறுபிரதி எழுதுவதும் வீண் வேலையாகா. ஆதலின் இப்பாடம் இன்றும் வேண்டப்படுவதே.

1. தகடும் அதன் எழுத்தும்

குறுந்தகடு என்பது 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடைய பாலிகார்பனேட் வட்டாகும். பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனத்தாரும் கூடி வகுத்த இஃது, 1982-ஆம் ஆண்டில் இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. நாமே எழுதத்தக்க தகடு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே தோன்றியது. இவ்வகைத் தகட்டில், பிளாஸ்டிக்கிற்கும் ஒளியைத் திருப்பும் உலோகப் படலத்திற்கும் இடையே ஒருவகைச் சாயம் பூசப்பட்டிருக்கும். ரைட்டரிலுள்ள லேசர் ஒளி அச்சாயத்தை நுண்ணிய இடங்களிற் சுடுகின்றது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகவும், சுடாத இடம் மிகுதியாகவும் திருப்புகின்றன. அவ்வேறுபாடே எழுத்தாகின்றது. இதுபற்றியே இத்தொழிலை எரித்தல் என்றும், எழுதுதல் என்றும் கூறுவர். சி.டி.க்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியும், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியும் பயன்படுகின்றன. சி.டி.யின் எழுத்துவரி உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்லும். அதனை நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேற்படும். சாதாரணச் சி.டி. 700 மெகாபைட்டும், ஒரு படலமுள்ள டி.வி.டி. 4.7 கிகாபைட்டும் கொள்ளும்.

ஓலையில் எழுத்தாணியாற் கீறியதை அழித்தெழுத இயலாதவாறுபோல, ஒருமுறை சுட்ட சாயத்தையும் பழைய நிலைக்குக் கொணர இயலாது. ஆகையால் எழுதும்போது இடையில் தடை நேரின் தகடு வீணாகும். இதனாலேயே மென்பொருட்கும் ரைட்டருக்கும் இடையிலுள்ள இணக்கம் இத்தொழிலில் பெரிதும் வேண்டப்படுகின்றது.

2. இடையில் நிற்கும் பாலம்

பயன்படுத்துவோர் கண்ணுக்குத் தோன்றுவன இரண்டே: திரையிலுள்ள மென்பொருள் ஒன்று, கையிலுள்ள தகடு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே மூன்று அடுக்குகள் உள. மென்பொருளின் வேண்டுகோளை முதலில் இயங்குதளம் பெறுகின்றது. அது இயக்கி எனப்படும் சிறு நிரலிடம் அதனை ஒப்புவிக்கின்றது. இயக்கி அதனை ரைட்டருக்குள்ளேயே அமைந்துள்ள நிலைநிரலுக்குச் சொல்லுகின்றது. அதன்பின்னரே லேசர் ஒளி தகட்டின்மேல் விழுகின்றது.

1843-ஆம் ஆண்டில் சுலோசன முதலியாரின் பொருளுதவியாற் கட்டப்பெற்ற பாலம், தாமிரபரணியின் இருகரையிலுமுள்ள திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பாலம் அடைபட்டால் இரு நகரங்களும் நலமாயிருப்பினும் போக்குவரவு நின்றுவிடும். அதுபோலவே, மென்பொருளும் நல்லது, ரைட்டரும் நல்லது என்றிருக்க, இடையிலுள்ள இயக்கி பயனற்றுப்போனால் எழுதுதல் நிகழாது. இயங்குதளத்தைப் புதுப்பித்தல் என்பது பெரும்பாலும் இப்பாலத்தையே மாற்றியமைக்கும் வேலை என்பதை உணர்ந்தால் பாதி ஐயம் நீங்கும்.

இன்னும் ஒன்று அறியத்தக்கது. தகடு எழுதும் மென்பொருள்களிற் பல, தமக்கெனத் தனியே ஓர் இடைமறிக்கும் இயக்கியை நிறுவும் வழக்கமுடையன. அது பாலத்தின் வாயிலில் நின்று போவார் வருவாரை விசாரிக்கும் காவலனை ஒக்கும். அக்காவலனது பெயர், கணினியின் ரிஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில், ‘இவனைக் கேளாமல் எவரும் செல்லற்க’ என்பதுபோல எழுதப்பட்டிருக்கும். புதுப்பித்தலின்போது பழைய காவலன் நீக்கப்பட்டு, பதிவேட்டில் அவன் பெயர் மட்டும் எஞ்சிவிடுமாயின், வாயிற்கதவு திறவாது. கணினி ரைட்டரையே காணாதது போல நடந்துகொள்ளும். ‘ரைட்டர் கெட்டுவிட்டது’ என்று கைவிடப்படும் கருவிகள் பலவற்றின் நோய் இதுவே.

3. முன் நிகழ்ந்தவை

இவ்விடர் புதியதன்று. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் காலத்தில் எழுதும் மென்பொருள்கள் ஆஸ்பி என்னும் ஓர் இடைப்படலத்தை நம்பியிருந்தன. அதனை அமைத்தவர் அடாப்டெக் நிறுவனத்தார். அடுத்துவந்த விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் அப்படலம் இயல்பாக இடம்பெறவில்லை. ஆகவே அதனை நம்பிய பழைய நிரல்கள் ரைட்டரைக் காணாமல் மயங்கின. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் வெளிவந்த எக்ஸ்பி, தானே சி.டி. எழுதும் ஆற்றலையும் உடன்கொண்டு வந்தது. அதனைப் பழைய இயங்குதளத்தின் மேலேயே நிறுவிய பலர்க்கு, முன்னிருந்த மென்பொருளின் இடைமறிக்கும் இயக்கி ஒவ்வாமற்போய், ரைட்டரே திரையினின்று மறைந்தது. பதிவேட்டில் எஞ்சிய பெயர்களை நீக்கும் முறையை மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரே எழுதி வெளியிட்டனர்.

விண்டோஸ் ஒன்றற்கே இக்குறை உரியதென எண்ணலாகாது. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் கரு 2.6.8, பாதுகாப்புக் கருதி, சாதாரணப் பயனர் ரைட்டருக்கு நேரே இடும் கட்டளைகளை வடிகட்டத் தொடங்கியது. அதனால் அதுவரை தடையின்றித் தகடு எழுதிவந்தோர் திடீரெனத் தடைப்பட்டனர். கணினியின் தலைமைப் பயனராக நுழைந்தோர்க்கே எழுதுதல் கைகூடியது. எழுதும் நிரல்களும் கருவும் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கியது.

2007-ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவின் 64-பிட் வகை, கையொப்பமிடப்படாத இயக்கிகளை உட்புகவொட்டாமற் செய்தது. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இல் 32-பிட் வகையே இல்லை. ஆகவே 32-பிட் இயக்கிகள் அதில் ஏறா. 16-பிட் நிறுவிகளையுடைய மிகப் பழைய மென்பொருள்களை அதில் நிறுவவும் இயலாது. மெமரி இன்டெக்ரிட்டி என்னும் காவல், ஐயத்திற்கிடமான பழைய இயக்கிகளை மேலும் தடுக்கின்றது. இந்நிகழ்ச்சிகள் யாவற்றிலும் பொதுவாக விளங்குவது ஒன்று: தகடும் ரைட்டரும் மாறவில்லை, பாலத்தின் சட்டமே மாறியது.

4. இடர் காணும் முறை

நோயின் காரணத்தை ஆராயாமல் மருந்து கொடுப்பது தகாது. ஒருசேரப் பலவற்றை மாற்றினால், எதனால் குணம் கண்டது என்பதும் விளங்காது. ஆகவே கீழிருந்து மேலாக, ஒருபடிக்கு ஒரு சோதனை என்னும் ஒழுங்கில் செல்லுதல் வேண்டும்.

முதற்படி: ரைட்டருக்கு உயிருண்டா என்று காண்க. கணினியைத் தொடங்கும்போதே வரும் அமைப்புத் திரையில் அதன் பெயர் தோன்றுமாயின், இயங்குதளம் எதுவாயினும் கருவி இணைந்திருக்கின்றது என்பது தெளிவு. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளிக்கருவியாயின், மின்னோட்டமும் கருதத்தக்கது. யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 500 மில்லியாம்பியர் மட்டுமே தரக் கடமைப்பட்டது. எழுதும்போது லேசரும் சுழற்றும் மோட்டாரும் அதனினும் மிகுதி கேட்பதுண்டு. படிக்கும்போது நன்றாயிருந்து எழுதும்போது மட்டும் நின்றுபோகும் வெளிக்கருவியை, இரட்டை முனைக் கம்பியாலோ வேறு துளையிலோ இணைத்துப் பார்த்தல் நலம்.

இரண்டாம்படி: டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ரைட்டரின் பெயரருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி உள்ளதா என்று காண்க. 19, 31, 32, 39 என்னும் எண்களுள் ஒன்று அங்குக் கூறப்பட்டால், முன் சொன்ன காவலனையே முதலில் ஐயுறல் வேண்டும். பதிவேட்டில் சி.டி. இனத்திற்குரிய பகுதியில் அப்பர் பில்டர்ஸ், லோயர் பில்டர்ஸ் என்னும் இரு பெயர்களில் அவன் பதிந்திருப்பான். பதிவேட்டைத் தொடுமுன் அதன் பிரதியை எடுத்துவைப்பது கட்டாயம். ஒவ்வாத மென்பொருளை முறைப்படி நீக்கி, எஞ்சிய அவ்விரு பதிவுகளையும் அகற்றி, கணினியை மீளத் தொடங்கினால், ரைட்டர் பெரும்பாலும் திரும்பத் தோன்றும். அதே பகுதியின் பெயரை ஒத்த வேறு பகுதிகள் அருகே இருத்தலின், இடம் மாறித் தொடாதவாறு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பயிலாதோர் பயின்றார் ஒருவரை உடன்வைத்தே இதனைச் செய்க.

மூன்றாம்படி: மென்பொருளை ஒதுக்கிவிட்டு, இயங்குதளத்தின் சொந்த ஆற்றலால் ஒரு தகட்டை எழுதிப் பார்க்க. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு, ஐ.எஸ்.ஓ. பிம்பத்தைத் தகட்டில் எழுதும் கருவி உள்ளேயே அமைந்திருக்கின்றது. அது நன்றாக எழுதுமாயின் தகடும் ரைட்டரும் இயக்கியும் குற்றமற்றவை. குற்றம் மென்பொருளில் மட்டுமே. அதுவும் எழுதாவிடில், வேறொரு நல்ல நிறுவனத்துத் தகட்டை இட்டு நடுத்தர வேகத்தில் மீண்டும் முயல்க. லேசர் தளர்ந்த பழைய ரைட்டர், ஒருவகைத் தகட்டை ஏற்று மற்றொருவகையை மறுப்பதும் உண்டு.

நான்காம்படி: குற்றம் மென்பொருளில் என்று துணிந்தபின், அதன் புதிய பதிப்பை உரியவரிடமிருந்து பெறுக. கம்பாட்டிபிலிட்டி மோட் என்னும் வசதியால் பழைய நிரலைப் பழைய இயங்குதளத்தில் இருப்பதுபோல நம்பச்செய்யலாம் என்பது உண்மையே. ஆயினும் அவ்வசதி திரையில் ஓடும் நிரலுக்கே உதவும். உட்கருவில் ஏறும் இயக்கிக்கு உதவாது. பலர் நெடுநேரம் வீண்பாடு படுவது இவ்வேறுபாட்டை அறியாமையால்தான். பழைய இயக்கி ஏறவேண்டுமென்று மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பதும் தக்கதன்று. ஒரு தகட்டின் பொருட்டு வீட்டின் காவலை நீக்குவது அறிவுடைமையாகாது. அத்தகைய மென்பொருளை விடுத்து, தனக்கென இயக்கி நிறுவாத எளிய நிரல் ஒன்றைக் கொள்வதே சிறந்தது. லினக்ஸில் கே3பி, பிரசெரோ என்னும் கட்டற்ற நிரல்கள் இப்பணிக்கு உள.

ஐந்தாம்படி: எழுதியதைச் சரிபார்க்க. ‘வெற்றியாக முடிந்தது’ என்று மென்பொருள் கூறுவது, அது தன் வேலையை முடித்தமைக்குச் சான்றேயன்றி, தகட்டில் உள்ளது மூலத்தோடு ஒத்திருப்பதற்குச் சான்றன்று. ஷா-256 என்னும் கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகளாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அக்குறிகள் முற்றிலும் வேறாகும். மூலத்திற்கும் தகட்டிலுள்ள பிரதிக்கும் அக்குறிகளைத் தனித்தனியே கண்டு ஒப்பிடுக. ஏடெழுதியபின் மூலத்தை ஒருவர் வாசிக்க, பிரதியை மற்றொருவர் பார்த்துத் திருத்திய நம் முன்னோரின் முறையும் இதுவே.

ஓர் உதாரணம் கூறுவோம். நமது கலாசாலைக் கணினி ஒன்று புதுப்பிக்கப்பட்டபின், அதிலிருந்த எழுதும் மென்பொருள் திறந்தது. ஆயினும் ரைட்டர் ஒன்றும் இல்லையென்றது. புதிய ரைட்டர் வாங்கவேண்டுமென்ற பேச்சும் எழுந்தது. மேற்சொன்ன ஒழுங்கில் ஆராய்ந்தபோது, தொடக்கத் திரையில் ரைட்டரின் பெயர் தெளிவாகத் தோன்றியது. டிவைஸ் மேனேஜரிலோ மஞ்சட் குறியும் 39 என்னும் எண்ணும் இருந்தன. மென்பொருளை நீக்கி, எஞ்சிய பதிவையும் அகற்றி, கணினியை மீளத் தொடங்கினோம். இயங்குதளத்தின் சொந்தக் கருவியால் எழுதிய முதல் தகடு ஒப்பீட்டிலும் தேறியது. செலவாயது ஒரு தகடும் ஒரு மணி நேரமுமே.

5. எழுத்து மாறியதால் வரும் மயக்கம்

தமிழர்க்கு இவ்விடரோடு மற்றொன்றும் சேர்ந்து வருகின்றது. தகட்டைத் திறந்தால் கோப்புகளின் பெயர்கள் சிதைந்து தோன்றும். அல்லது கோப்பு திறந்தும் உள்ளேயுள்ள தமிழ், பொருளற்ற குறிகளாய்க் காணும். ‘தகடு அழுகிவிட்டது’ என்று அதனைக் குப்பையில் எறிவாரும் உளர். அது பெருந்தவறு.

பெயர் சிதைவதன் காரணம் தகட்டின் அமைப்பு முறையில் உள்ளது. 1988-ஆம் ஆண்டில் நிலைபெற்ற ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் முறை, தன் முதல் நிலையில், ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு என்பவற்றையே பெயரில் ஏற்கும்; அதுவும் பெயருக்கு எட்டுக் குறியும் பின்னொட்டிற்கு மூன்று குறியும் மட்டுமே. அதன்மேல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் சேர்த்த ஜோலியட் என்னும் முறை, தமிழ்ப் பெயரையும் ஏற்கும். ஆயினும் 64 குறிகட்குமேல் செல்லாது. கணினிக் கணக்கில் தமிழெழுத்தும் குறியும் ஒன்றல்ல. ‘திருநெல்வேலி’ என்பது நமக்கு 6 எழுத்து. கணினிக்கோ 12 குறி. ‘தாமிரபரணி’யும் நமக்கு 6 எழுத்தே, கணினிக்கு 9 குறி. ஆகவே நீண்ட தமிழ்த் தலைப்பைப் பெயராக இட்டால், அது நடுவே வெட்டுண்டு போகும். யு.டி.எப். என்னும் பின்வந்த முறை இதனினும் நீண்ட பெயரை ஏற்கும். எனினும் கோப்பிற்குச் சுருங்கிய பெயரும், முழுத் தலைப்பிற்கு உள்ளே ஓர் அட்டவணைக் கோப்பும் வைப்பதே என்றும் பிழையாத வழி.

உள்ளேயுள்ள எழுத்து மாறித் தோன்றுவதன் காரணம் வேறு. தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் இடம்பெற்றிருப்பினும், விண்டோஸ் 2000 வரும்வரை மைக்ரோசாப்ட் இயங்குதளங்களில் அதற்கு ஆதரவு இல்லை. அக்காலத்தில் பாமினி, திஸ்கி, டாப், டாம் எனப் பலவகைக் குறியீடுகளிலும் எழுத்துருக்களிலும் தமிழ் தட்டச்சாயிற்று. டாப், டாம் இரண்டையும் தமிழ்நாட்டரசு 1999-ஆம் ஆண்டில் ஏற்றது. 2010-ஆம் ஆண்டில் யூனிகோடை ஏற்றது. பழைய தகட்டிலுள்ள கட்டுரை பாமினியில் எழுதப்பட்டிருந்து, புதிய கணினியில் அவ்வெழுத்துரு இல்லாதிருப்பின், தமிழ் தோன்றாது. அவ்வெழுத்துருவை நிறுவினால் தோன்றும். எழுத்துமாற்றி நிரல்களால் யூனிகோடுக்கு மாற்றினால் நிலைக்கும்.

இந்நிலை நம் நாட்டிற்குப் புதிதன்று. பாண்டிநாட்டில் ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டுவரை வட்டெழுத்தே பெருவழக்காயிருந்தது. சோழராட்சி பரவியபின் இக்காலத் தமிழெழுத்தின் முன்வடிவம் அதன் இடத்தைப் பெற்றது. அம்பாசமுத்திரத்திற் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டினதாகிய வரகுண பாண்டியன் சாசனம் வட்டெழுத்தால் ஆயது. கல் உடையவில்லை, வரி தேயவில்லை, படிப்பாரே அற்றுப்போயினர். கல்வெட்டாராய்ச்சியாளர் அவ்வெழுத்தைக் கற்று வெளியிட்ட பின்னரே அரசன் சொல் மீண்டும் பேசிற்று. வட்டெழுத்துக்கு நேர்ந்ததே நம் வட்டிலுள்ள எழுத்துக்கும் நேர்கின்றது. படிக்க இயலாமை வேறு, அழிவு வேறு என்பதை மறத்தலாகாது.

6. பழைய தகடுகளை மீட்டல்

இயங்குதளம் மாறியபின் பழைய தகடு திறவாமைக்கு மூன்று காரணங்கள் பெரும்பான்மை.

ஒன்று, தகடு மூடப்படாமை. டைரக்ட் சி.டி., இன்சிடி முதலிய நிரல்கள், தகட்டைப் பிளாப்பிபோலக் கருதிச் சிறிது சிறிதாக எழுத இடங்கொடுத்தன. அவ்வாறெழுதி மூடாமல் விட்ட தகட்டை, அந்நிரல் இல்லாத கணினி வெற்றுத்தகடு என்றும் கூறக்கூடும். எழுதிய பழைய கணினி இன்னும் ஓடுமாயின், அதிலேயே இட்டுக் கோப்புகளை வெளியே எடுத்தல் நேர்வழி. அஃதின்றேல் ஐசோபஸ்டர் போன்ற மீட்புநிரல்கள் அத்தகைய தகட்டையும் படிக்கும். வெற்றுத்தகடு என்று கணினி கூறினும் அதன்மேல் எதனையும் எழுதற்க.

இரண்டு, பல அமர்வுகளில் எழுதப்பட்டமை. இரண்டாம் முறை எழுதுகையில் முதல் அமர்வை உடன்சேர்க்காது விட்டால், கடைசி அமர்வு மட்டும் தோன்றும். முன்னவை அழிந்தனவல்ல; மறைந்தன. அவற்றையும் மேற்சொன்ன நிரல்களால் எடுக்கலாம்.

மூன்று, மென்பொருளின் சொந்தக் கோப்புவகை. எழுதும் நிரல்கள் சேமிக்கும் ‘ப்ராஜெக்ட்’ கோப்பில், பெரும்பாலும் எந்தெந்தக் கோப்பு எங்கே உள்ளது என்னும் பட்டியல் மட்டுமே இருக்கும். பாட்டும் படமும் இரா. அதனைக் காத்துவைத்து மூலத்தை அழிப்பது, நூலை எரித்துப் பொருளடக்கத்தைப் பேணுவது போலாகும். தகட்டின் முழுப் பிம்பத்தையும் ஒவ்வொரு நிறுவனத்தாரும் ஒவ்வொரு வகையிற் சேமித்தனர், நீரோவின் என்.ஆர்.ஜி. அவற்றுள் ஒன்று. அத்தகையவற்றைத் திறக்கும் நிரல் கிடைக்கும்போதே ஐ.எஸ்.ஓ. வகைக்கு மாற்றிவைத்தல் வேண்டும். அது பொதுவகை, எவ்வியங்குதளமும் அறிவது.

7. காக்கும் நெறி

இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன், எழுதும் மென்பொருளை முறைப்படி நீக்குக. பின்னர் அதன் புதிய பதிப்பை நிறுவுக. பழைய எழுத்துருக்களையும் நிறுவிக் கோப்புகளையும் தனியே எடுத்துவைக்க. தகடு எழுதும்போது விண்டோஸ் இருவகை வினவும்: பென்டிரைவ் போல் எழுதுவதா, சி.டி. பிளேயருக்குரியவாறு எழுதுவதா என்று. காக்கவேண்டியதாயின் இரண்டாவதையே கொள்க. அதுவே எழுதி முடித்து மூடப்படும் வகை.

எழுதிய தகட்டை வெயிலிலும் சூட்டிலும் வைக்கலாகாது. சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் கெடும். சித்திரை, வைகாசி வெயில் நம்மூரில் எத்தகையது என்பதை எடுத்துக்கூறவேண்டுவதில்லை. காகிதச் சீட்டை ஒட்டுவதும், கூர்முனைப் பேனாவால் எழுதுவதும் தகா. உறையினுள் ஒரு சீட்டில், எழுதிய நாள், பயன்படுத்திய நிரல், இயங்குதளம், எழுத்துரு, ஒப்புநோக்கும் குறிகள் ஆகியவற்றைக் குறித்துவைக்க. ஏடெழுதியோர் இறுதியில் தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்த வழக்கம் பின்வந்தார்க்கு எத்துணை உதவிற்று என்பதைப் பதிப்பாசிரியர் யாவரும் அறிவர்.

அனைத்தினும் மேலான நெறி, மறுபிரதி எடுத்தலே. தகட்டில் உள்ளது தகட்டில் மட்டும் இருத்தலாகாது. வன்தட்டில் ஒரு பிரதியும், வேற்றூரில் ஒரு பிரதியும் இருத்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் பெய்த பெருமழையால் தாமிரபரணி கரைபுரண்டு வீடுகளுட் புகுந்ததை நாம் கண்டோம். ஓர் அலமாரியில் மூன்று பிரதி இருந்தாலும், வெள்ளத்திற்கு அவை ஒரு பிரதியே.

பனையோலை நெடுங்காலம் அழியாதிருந்து நம் நூல்களைக் காத்தது என்று பலர் கருதுவர். ஓலையும் செல்லரிக்கும், முறியும். காத்தது ஓலையன்று, பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதிய கைகளே காத்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கு வந்தபோது அவர் கண்டவை, அவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்பட்டு வந்தவற்றின் எச்சமே. பெயர்த்தெழுதாது விடப்பட்டவை எவையென்று சொல்லவும் இன்று ஆளில்லை.

ஆதலின் மாணாக்கர்களே, வரும் விடுமுறையில் நும் வீட்டிலும் ஆலயத்திலும் பள்ளியிலும் உள்ள பழைய தகடுகளைத் தேடி எடுப்பீர்களாக. படிப்பனவற்றை உடனே பெயர்த்தெழுதுங்கள். படியாதனவற்றை எறியாது, இங்குக் கூறிய ஒழுங்கில் ஆராயுங்கள். ரைட்டர் பூட்டிய கணினிகள் நாளுக்குநாள் அருகிவருகின்றன. இன்று ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, பத்தாண்டு கழித்து முடியாத வேலையாகலாம். நும் பாட்டனார் பாடிய பாட்டொன்று நும் பேரர் செவியில் விழுமாயின், அதற்குச் செலவிட்ட பொழுது வீணாகாது.